வெயில் கிடைக்காத ஊரில் ஊறுகாய்

போர்ட் பிளேருக்குத் தெற்கே, காராச்சர்மாவை ஒட்டி இருக்கிறது புரோத்ராபூர். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 10,000 பேர் வாழும் சிற்றூர். வெளியூர்க்காரர்களுக்கு இது மாவட்டச் சிறை இருக்கும் இடம். உள்ளே போனால் தமிழ்க் குடும்பங்களும் வங்காளிகளும் தெலுங்கர்களும் ராஞ்சியிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். வீட்டுக்குள் அவரவர் மொழி, தெருவில் இந்தி. ஊறுகாய் என்றால் எல்லோருக்கும் பொதுவாக ‘அச்சார்’.

இந்த ஊரின் சமையலறைகளைப் பற்றி யோசிக்கும் எவரும் முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் இறங்குவது அந்தமான் நிக்கோபார் தீவுகளில்தான். மே மாதத்தின் பிற்பாதியில் தொடங்கும் மழை, வடகிழக்குப் பருவமும் சேர்ந்துகொள்ள, டிசம்பர் வரை நீள்கிறது. ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் சராசரியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மழை விட்ட நாளிலும் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. துவைத்த துணி காய்வதே பெரும்பாடு என்றால், மாங்காய்த் துண்டு எங்கே காயும்?

தமிழர்களின் ஊறுகாய்க் கலையில் பாதி வேலையைச் செய்வது வெயில். உப்பு எலுமிச்சை, நார்த்தங்காய், மாங்காய் வற்றல், சுண்டை வற்றல் எல்லாவற்றிலும் உப்பும் வெயிலும் கைகோத்துத்தான் காய்கறியைக் காப்பாற்றுகின்றன. மோர்மிளகாயைப் பாருங்கள். இரவெல்லாம் உப்பு மோரில் ஊறும். பகலில் மொட்டைமாடியில் காயும். சாயங்காலம் மறுபடி அதே மோருக்குள் போகும். இரவில் மோரிலுள்ள நுண்ணுயிர்கள் மிளகாயைப் புளிக்க வைக்கின்றன. பகலில் வெயில் நீரை இழுத்து, உள்ளே இருக்கும் உப்பின் செறிவைக் கூட்டுகிறது. மோர் முழுவதும் வற்றும் வரை இந்த முறைமாற்றம் நடக்கும். ஆகஸ்டில் புரோத்ராபூரில் இதைச் செய்தால் பகல் வேலை நடப்பதே இல்லை. மிளகாய் ஈரத்தோடு தட்டில் கிடக்கும், பூசணம் பிடிக்கும். செய்தவரின் கைப்பக்குவத்தில் குறையில்லை. வெயில் இருக்கும் என்று நம்பி உருவான முறை, வெயில் இல்லாத ஊருக்கு வந்துவிட்டது.

ஆகவே என் வாதம் இது. ஆண்டில் எட்டு மாதம் ஈரத்தில் வாழும் இந்தத் தீவில், காய்கறியைக் காப்பாற்றும் பொறுப்பை வெயிலிடமிருந்து வாங்கி முழுவதும் ஜாடியிடம் கொடுக்க வேண்டும். உப்புநீரில் அமுக்கிப் புளிக்க வைக்கும் முறையே இந்த மண்ணுக்குப் பொருந்தும். இதைக் கொரிய, ஜெர்மானிய இறக்குமதியாக நினைக்க வேண்டியதும் இல்லை. அதன் வேர் நம் வீட்டிலேயே இருக்கிறது.

அந்த வேர் மாவடு. காம்போடு பறித்த வடுமாங்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மஞ்சள்தூள், கடுகுத்தூள், மிளகாய்த்தூள் போட்டுப் பீங்கான் ஜாடியில் அடுக்கி, தினமும் குலுக்கி விடுவார்கள். சில நாளில் காயிலிருந்தே நீர் விட்டு, தோல் சுருங்கி, மாவடு தன் நீரில் தானே மூழ்கிவிடும். வெயிலின் பங்கு இதில் கிடையாது. கடுகுத்தூளின் காரநெடி பூஞ்சைகளையும் ஈஸ்ட்டுகளையும் அடக்குகிறது. எண்ணெய் காற்றைத் தள்ளி வைக்கிறது. ஒரு வருஷம் தாண்டியும் கெடாத அந்த ஜாடிக்குள் அறிவியல் நிறையவே இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாவடுவில் உப்பு மிக அதிகம், மாங்காயின் புளிப்பும் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சூழலில் நுண்ணுயிர்கள் மந்தமாகத்தான் வேலை செய்ய முடியும். உப்பைக் குறைத்து, புளிப்பே இல்லாத காய்களைப் போட்டு, புளிப்பு முழுவதையும் நுண்ணுயிர்களே உண்டாக்கும்படி விடுவது அடுத்த படி.

அந்த நுண்ணுயிர்களை எங்கும் தேடிப் போக வேண்டாம். காயின் தோலிலேயே இருக்கின்றன. காயை உப்புநீரில் மூழ்க வைத்தவுடன் காற்று தேவைப்படும் அழுகல் கிருமிகள் திணறுகின்றன; உப்பைத் தாங்கும், காற்று வேண்டாத லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன. முதலில் வருவது பெரும்பாலும் லியூக்கோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ். இட்லி மாவைப் பொங்க வைப்பதும் இதே இனம்தான். காயிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தோடு அசிட்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. புளிப்பு ஏற ஏற அதுவே தாங்க முடியாமல் ஒதுங்க, அதிகப் புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் மீதியை முடித்து வைக்கிறது. 2020-இல் நடந்த மறுவகைப்பாட்டில் அதன் பேரினத்துக்கு லாக்டிபிளாண்டிபேசில்லஸ் என்று பெயர் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை.

இந்த வரிசையை நிர்ணயிப்பது வெப்பம். நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா வேளாண் ஆய்வு நிலையத்தில் கார்ல் பெடர்சன் முட்டைக்கோஸ் புளிப்பை வைத்துப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். சுமார் 2.25 சதவீத உப்பில், 18 டிகிரி செல்சியஸில் புளிப்பு நிதானமாக ஏறி, மணமும் சுவையும் நன்றாக அமைகின்றன. 32 டிகிரியில் எட்டுப் பத்து நாளிலேயே புளிப்பு முற்றிவிடுகிறது. முதல் கட்டத்து நுண்ணுயிர் சீக்கிரமே ஒதுங்கிவிடுவதால் சுவை ஒற்றைப் புளிப்பாக நின்றுவிடுகிறது. புரோத்ராபூரில் பகல் வெப்பம் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது, இரவில் 24. அதாவது குளிர்நாட்டுப் புத்தகம் ‘மூன்று வாரம் வையுங்கள்’ என்று சொன்னால், இங்கே அந்த ஜாடி மூன்று வாரத்தில் குழைந்த கூழாகியிருக்கும். இங்கே நாள் கணக்குப் போதும். ஜாடி சிறிதாக இருக்க வேண்டும், வீட்டிலேயே குளிர்ந்த மூலையில், தரையை ஒட்டி வைக்க வேண்டும், சுவை பிடித்தவுடன் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். இட்லி மாவு எவ்வளவு நேரத்தில் புளிக்கிறது என்று கவனித்து வைத்திருப்பவருக்கு இது புதிதாகவே இருக்காது.

காராமணிக்காயை வைத்து இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். நீளமான இந்தப் பயத்தங்காய் அந்தமான் தோட்டங்களில் மழையிலும் காய்க்கும், சந்தையில் கட்டுக்கட்டாக வரும். பிஞ்சாகத் தேர்ந்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, கண்ணாடி ஜாடியில் நெட்டுக்குத்தாக நெருக்கி அடுக்க வேண்டும். இரண்டு பூண்டு, ஒரு மிளகாய், கொஞ்சம் மிளகு. கொதிக்க வைத்து ஆற்றிய உப்புநீரை ஊற்றி, மேலே காய் மிதந்துவிடாமல் பாரம் வைக்க வேண்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய கூழாங்கல் போதும். உப்புநீர் நிரப்பிய சின்னப் பாட்டிலும் ஆகும். மூடியை முழுவதும் இறுக்கக் கூடாது. உள்ளே வாயு பெருகும். கடற்காற்றில் தகர மூடி துருப்பிடிக்கும் என்பதால் பிளாஸ்டிக் மூடி நல்லது.

முதல் இரவு எதுவும் தெரியாது. மறுநாள் பார்த்தால், நறுக்கிய முனைகளிலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக மேலேறும். காயின் பளிச்சென்ற பச்சை முனையிலிருந்து உள்நோக்கி மங்கி, பாசிப்பச்சையாக, பிறகு மஞ்சள் கலந்த பழுப்புப் பச்சையாக மாறும். அமிலம் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றுவதால் வரும் நிறமாற்றம் இது. கெட்டதற்கு அடையாளம் ஆகாது. அடுத்த நாள் நீர் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கும். மூடியைத் தளர்த்தினால் ‘உஸ்’ என்று வாயு வெளியேறும். பச்சைக்காயின் வாடை போய், மோரின் வாசனை வரும். நான்கைந்து நாளில் குமிழிகள் அடங்கி, அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் படியும். அவ்வளவும் வேலை முடித்த நுண்ணுயிர்கள். அப்போது பி.எச். தாளை நனைத்துப் பார்த்தால் 4-க்குக் கீழே காட்ட வேண்டும். எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து இந்தக் காயை வதக்கினால் கஞ்சிக்கும் பழைய சோற்றுக்கும் வேறு துணை தேட வேண்டாம்.

உப்புக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் உப்பு போட்டால் அது ஏறத்தாழ 5 சதவீதம். ஆனால் அந்த நீர் சம எடைக் காயோடு கலக்கும்போது, காயிலுள்ள நீரிலும் உப்பு பரவி, கடைசியில் 2.5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதனால் காயையும் நீரையும் சேர்த்து எடை போட்டு, அந்த மொத்தத்துக்கு உப்பைக் கணக்கிடுவதே சரி. இந்த வெப்பத்துக்கு 3 முதல் 4 சதவீதம் பொருத்தம்: காயும் நீரும் சேர்ந்து ஒரு கிலோ என்றால் உப்பு 30 முதல் 40 கிராம். கரண்டியால் அளக்க வேண்டாம். ஒரு கரண்டி கல்லுப்பும் ஒரு கரண்டி தூளுப்பும் ஒரே எடையில் இருப்பதில்லை. அயோடின் உப்பு ஆகாது என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. அயோடின் உப்பிலும் காய் நன்றாகவே புளிக்கிறது. தூளுப்பில் கட்டி சேராமல் இருக்கக் கலப்பவை நீரைக் கொஞ்சம் கலங்க வைக்கும், அவ்வளவே.

இனி அச்சங்கள். நீரின் மேல் வெள்ளையாக, மெல்லிய சுருக்கத்தோடு ஓர் ஆடை படிந்தால் அது ஈஸ்ட். உடம்புக்குக் கேடில்லை. ஆனால் அது அமிலத்தைத் தின்று புளிப்பைக் குறைக்கும், ஆகவே உடனே வழித்தெடுக்க வேண்டும். பஞ்சு போல மயிர் விட்டு, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் காட்டினால் அது பூஞ்சை. ஜாடி முழுவதையும் கொட்டிவிட வேண்டும். மேலே எடுத்துவிட்டு அடியில் உள்ளதைச் சாப்பிடுவது வேண்டாத சிக்கனம். வெள்ளரிக்காய் குழைந்து போவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் பூ முனையில் ஒட்டியிருக்கும் பூஞ்சைகளின் நொதிகள். அந்த முனையை ஒரு சின்னத் துண்டு சீவி எறிந்தால் காய் கடுக்கென்று நிற்கும். எல்லாவற்றிலும் கொடியதான பாட்டுலினம் நஞ்சை உண்டாக்கும் கிருமி, பி.எச். 4.6-க்குக் கீழே வளராது. சரியாகப் புளித்த ஜாடி அந்த எல்லையைச் சில நாளிலேயே தாண்டிவிடுகிறது. உப்புநீரை விட, புளிப்பே ஏறாத பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து அறை வெப்பத்தில் வைப்பதே ஆபத்து.

இந்தக் கடலுக்கும் ஜாடிக்கும் உள்ள உறவு பழையது. அந்தமான் கடலின் வடகிழக்கு மூலையில், இன்றைய மியான்மரின் மொட்டமா துறைமுகத்துக்கு முன்பு மர்த்தபான் என்று பெயர். அங்கிருந்து கப்பலேறிய பெரிய மெருகு ஜாடிகள் இந்துமாக்கடல் முழுவதும் அந்தத் துறைமுகத்தின் பெயரிலேயே அறியப்பட்டன. 14-ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தானின் அவையில் தங்கியிருந்த இபின் பதூதா, பிறகு கிழக்குக் கடல்களில் போகும்போது, தவாலிசி என்று அவர் குறிப்பிடும் நாட்டில் ஓர் அரசகுமாரி தமக்கு மர்த்தபான் ஜாடிகளைப் பரிசாகக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். உள்ளே இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய். எல்லாம் உப்பிட்டவை, கடற்பயணத்துக்கென்றே தயாரித்தவை. 1768-இல் ஜேம்ஸ் குக் எண்டெவர் கப்பலில் கிளம்பியபோது ஏற்றிக்கொண்ட புளித்த முட்டைக்கோஸ் மூன்றரை டன். மாலுமிகள் தொட மறுத்தார்கள். அதிகாரிகளின் மேசையில் தினமும் பரிமாறச் சொன்னார் குக். ஒரு வாரத்துக்குள் எல்லோரும் கேட்கத் தொடங்க, அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஸ்கர்வி நோயைத் தடுப்பதற்கான முயற்சி அது. பச்சைக் காய் கிடைக்காத கடலில், புளித்த காய் உயிர்ச்சத்து சி-யைச் சுமந்து போயிற்று.

இன்றைய அந்தமான் அந்த நிலையில் இல்லைதான். ஆனாலும் முட்டைக்கோஸ், கேரட், உருளை, வெங்காயம் எல்லாம் பெரும்பாலும் கப்பலில்தான் வருகின்றன. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே சுமார் 1,370 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் விலை ஏறும். வந்து சேர்ந்த காய் ஏற்கெனவே பாதி வாடியிருக்கும். காராச்சர்மாவில் 1978 முதல் இயங்கிவரும் மத்திய வேளாண் ஆய்வு நிறுவனம், இப்போது மத்திய தீவு வேளாண் ஆய்வு நிறுவனம், தீவுக்கேற்ற காய்கறி ரகங்களில் உழைத்து வருகிறது. விளைந்ததை வீட்டில் எப்படி நிறுத்தி வைப்பது என்பது அதே கேள்வியின் மறுபக்கம்.

பக்கத்து வீடுகளில் இதற்குப் பதில்கள் இருக்கின்றன. 1918 முதல் காட்டுவேலைக்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓராவோன், முண்டா, கடியா மக்களைத் தீவில் ‘ராஞ்சிக்காரர்கள்’ என்கிறார்கள். அவர்கள் பிறந்த மண்ணில் மூங்கில் குருத்தைச் சீவிப் புளிக்க வைத்துச் ‘சந்தனா’ செய்வது வழக்கம். 1925-இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் வேபியில் குடியேறிய கரேன் மக்களின் மரபில் புளித்த இறால், மீன் விழுது இல்லாமல் சாப்பாடு இறங்காது. வங்காளிகளுக்குப் புளித்த கடுகில் செய்யும் காசுந்தி. மழை மிகுந்த நிலத்துக்காரர்கள் இவர்கள் எல்லோரும். இன்னும் தள்ளிப் பார்த்தால் சீனத்தின் சிச்சுவான். மேகமூட்டத்துக்குப் பேர்போன படுகை அது. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் கழுத்தைச் சுற்றிப் பள்ளம் உள்ள ஜாடி இருக்கும். பள்ளத்தில் நீர் ஊற்றி மூடியைக் கவிழ்த்தால், உள்ளிருக்கும் வாயு குமிழியிட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. அதில் அவர்கள் முதலில் போடும் காய்களில் ஒன்று நம் காராமணியேதான். வெயில் குறைந்த நிலம் ஜாடியை நுட்பமாக்கியிருக்கிறது. இந்த ஒற்றுமை தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டுக்கு வேறொரு கதை. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் தொடங்கித் தமிழகம், ஆந்திரம், தெலங்கானாவுக்குப் பரவியது கெர்கின் என்ற சிறுவெள்ளரிச் சாகுபடி. 2020-21-இல் இந்தியா ஏற்றுமதி செய்த வெள்ளரி, கெர்கின் 2,23,515 டன்; உலகத் தேவையில் ஏறத்தாழ 15 சதவீதம் இங்கே விளைகிறது. பீப்பாய்களில் உப்புநீரிலும் வினிகரிலும் நிரப்பிக் கப்பலேற்றுகிறார்கள். விளைவித்த விவசாயியின் வீட்டில் அது தட்டுக்கு வருவதில்லை. பெரிய அளவில் இதைச் செய்யும் கைத்திறன் நம் தொழிலாளர்களிடம் இருக்கிறது. சமையலறைக்கு மட்டும் அது இன்னும் இறங்கவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் இடைவெளி.

நன்மைகளைச் சொல்பவர்கள் தீமையையும் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆசிய மரபு முறையில் ஊறவைத்த காய்கறிகளை 1993-இல் ‘புற்றுநோயை உண்டாக்கக் கூடும்’ என்ற 2பி வகையில் சேர்த்தது. அதிக உப்பு, பூஞ்சை, நைட்ரைட் ஆகியவற்றைச் சுற்றியே அந்தக் கவலை. புளிக்கத் தொடங்கிய முதல் சில நாட்களில் நைட்ரைட் கூடி, அமிலம் ஏறியதும் குறைகிறது. அரைகுறையாகப் புளித்ததைச் சாப்பிடாதிருக்க இதுவே போதுமான காரணம். ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 4 சதவீத உப்பில் ஊறிய காய் 50 கிராம் சாப்பிட்டால் அதில் 2 கிராம் போய்விடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்த வேண்டும்.

எந்தக் காய் ஏற்றது? காராமணி, வெள்ளரிப் பிஞ்சு, முள்ளங்கி, பச்சை மிளகாய், கொத்தவரை, பப்பாளிக்காய் நன்றாக நிற்கும். வெண்டைக்காயை முழுதாகப் போட்டால் ஊறும். நறுக்கினால் கொழகொழவென்று நீரைக் கெடுக்கும். சுரைக்காய், பீர்க்கங்காய் குழைந்துவிடும். மூங்கில் குருத்தில் சயனைடு தரும் பொருள் இருப்பதால் சீவி, நீர் மாற்றி வேகவைக்காமல் சாப்பிடக் கூடாது. தீவில் வீட்டுக்கு வீடு காய்க்கும் பிலிம்பி வேறு கதை. அதற்குப் பிறவியிலேயே கடும் புளிப்பு இருப்பதால் நுண்ணுயிர்களுக்கு அங்கே வேலையில்லை. வெறும் உப்பில் ஊறினாலே போதும். ஆனால் அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி; செறிந்த பிலிம்பிச் சாற்றைக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளலாம், சாறாகக் குடிக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஊறுகாயாகவும் தவிர்க்க வேண்டும்.

காய் தீர்ந்த பின் ஜாடியில் நிற்கும் நீரைக் கொட்ட வேண்டாம். அதில் ஒரு கரண்டியை அடுத்த ஜாடிக்கு ஊற்றினால் புளிப்பு விரைவாக ஏறும். ஆனால் புளிப்புத் தாங்கும் நுண்ணுயிரே முதலிலிருந்து ஆளுவதால் மணம் கொஞ்சம் குறையும். இந்த வெப்பத்தில் அப்படி அவசரப்படத் தேவையுமில்லை. ரசத்துக்கோ மீன் குழம்புக்கோ புளிக்குப் பதிலாக அந்த நீரை ஊற்றலாம். அன்றைக்குக் குழம்பில் உப்பு போடுவதற்கு முன் ஒருமுறை ருசி பார்த்துக்கொள்ள வேண்டும்.